அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

நிகழ்ச்சி முடிந்ததும் பெயர்கள் ஓடும். ஓடத் தொடங்கிய அடுத்த நொடியே படத்தைப் பாதியாகச் சுருக்கி ஓரத்தில் தள்ளிவிட்டு, மீதி இடத்தில் இரவு ஒன்பது மணித் தொடரின் முன்னோட்டத்தைப் போட்டுவிடுவார்கள். அந்தச் சுருங்கிய பாதிக்குள், உடை உதவிக்கும் உணவு ஏற்பாட்டுக்கும் கொஞ்சம் மேலே, ‘நகைச்சுவைப் பகுதி ஆக்கம்’ என்று ஒரு வரி போகும். அதில் வருகிறவன் நான். என் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று பார்த்தும் அந்தப் பெயரை முழுதாகப் படித்ததில்லை. “இந்த வாரம் பாதி வந்துச்சுடா” என்பார். முன்னேற்றம்தான்.

துணுக்கு எழுதி வந்தவனுக்கு இது பழகிய விஷயம். எண்பதுகளில் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் போடும் குமாஸ்தாவாக இருந்தேன். லாரிகள் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பும். மத்தியானம் முழுக்க லோடுமேன்கள் மூட்டைகள்மேல் சாய்ந்துகொண்டு ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. மீதியை 15 காசு அஞ்சலட்டையில் எழுதிக் குமுதத்துக்கும் விகடனுக்கும் சாவிக்கும் அனுப்புவேன். கார்டுக்கு இரண்டு ஜோக்; நெருக்கி எழுதினால் மூன்று.

வெங்காய மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரு நாள் வந்து “சரக்கு எப்பய்யா கிளம்பும்?” என்று சத்தம் போட்டார். எங்கள் லோடுமேன் எழுந்திருக்கவே இல்லை. “டிரைவருக்கு ஏறுன சரக்கு இறங்கட்டும், லாரியில ஏறுன சரக்கு கிளம்பிரும்.” அப்படியே எழுதி அனுப்பினேன், என் பெயரில் வந்தது. மணியார்டர் வந்த அன்று அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். “பேசுனதுக்கெல்லாம் காசு குடுக்குறானா? அப்ப எம் பொண்டாட்டிக்கு லட்ச ரூபா வரணுமே” என்றார். அதையும் எழுதி அனுப்பினேன்.

நானாக யோசித்து எழுதியதில் எனக்கு இன்றும் பிடித்தது ஒன்று உண்டு.

“தலைவர் ஏன்யா மேடையில திடீர்னு அழுறாரு?”

“பேச்சு எழுதிக் குடுத்தவன் நடுவுல அடைப்புக்குறி போட்டு ‘அழவும்’னு எழுதியிருக்கான்.”

“சரி, இப்ப எதுக்கு அவரே கைதட்டிக்கிறாரு?”

“அடுத்த அடைப்புக்குறியில ‘கைதட்டல்’னு இருக்கு.”

இது வந்தபோது, ஓவியர் அந்தத் தலைவருக்கு வரைந்திருந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். வசனத்தைப் படித்தவர் முதலாளி ஒருவர்தான். அவரும் படித்து முடித்துவிட்டு, “ஆபீஸ் நேரத்துல எழுதுனதா?” என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் பேச்சால் சிரிக்கவைப்பது என்றால் சபா நாடகம். திருச்சி ரசிக ரஞ்சன சபாவுக்குச் சென்னைக் குழுக்கள் வரும். சோ, காத்தாடி ராமமூர்த்தி, ஒய்.ஜி. மகேந்திரன், எஸ்.வி. சேகர் என்று ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் எழுதுகிறவனாக எனக்கு ஆசான் கிரேஸி மோகன். நேரில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர், 1976-இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதிக் கொடுத்தார், நாடகத்தின் பெயரிலிருந்த கிரேஸி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாயகன் எப்போதும் மாது, நாயகி எப்போதும் ஜானகி. ஜானகி என்பது அவரைச் சிறுவயதில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர். ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990-இல் வந்தபோது அதை வசனத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருவர் வாக்கியத்தின் கடைசியில் ஒரு சொல்லை விடுவார். அடுத்தவர் அதே சொல்லை வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொண்டு ஓடுவார். மூன்றாமவர் குறுக்கே வந்து இருவரையும் தடுக்கி விடுவார். அதில் நடிகர் ஒரு சொல்லை முன்பின்னாகப் போட்டால் தீர்ந்தது, அடுத்த ஆள் பிடிப்பதற்கு நுனி இருக்காது. எழுத்தாளன் எழுதியது எழுத்துப் பிசகாமல் வாயில் வரவேண்டிய நகைச்சுவை அது.

1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியும் நெடுநாள் இந்த சபாக்காரர்களை நம்பித்தான் சிரித்தது. தேவனின் துப்பறியும் சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி வந்ததைத் தெருவில் டி.வி. இருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். ரசித்தேன், சந்தேகமில்லை. ஆனால் அந்த நகைச்சுவை நடக்கும் வீட்டை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இருக்கும் அந்தக் கூடத்தில் மேனேஜர் வருவார், மாமனார் வருவார், திருடன்கூட வருவான். எங்கள் லோடுமேனுக்கு அங்கே வேலையே இல்லை. வந்தாலும் சோபாவை நகர்த்திப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. வந்தது. அடுத்து ராஜ், விஜய், 1999-இல் ஜெயா. நான் தொண்ணூறுகளின் நடுவில் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை பிடித்தேன். சேனல்களுக்கு நேரம் நிறைய இருந்தது, அதில் போடச் சரக்குதான் இல்லை. அப்போது நகைச்சுவை நிகழ்ச்சி என்பது முக்கால்வாசி சினிமாக் காட்சிகளின் தொகுப்பு. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே தொகுப்பாளர் வந்து பேசும் இரண்டு வரிக்கு ‘லிங்க்’ என்று பெயர். என் முதல் வேலை அந்த லிங்க் எழுதுவது. உலகத்தில் இதைவிட வீணான எழுத்து வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அடுத்து வருவது ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம் என்று ஊருக்கே தெரியும். கவுண்டமணியும் செந்திலும் காத்திருக்கும்போது, அவர்களுக்கு முன்னால் என் இரண்டு வரி நின்று என்ன சாதித்துவிடும்? மக்கள் அந்த இரண்டு வரியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பிறகு சன் டி.வி.யில் சிட்டிபாபுவும் அர்ச்சனாவும் ‘காமெடி டைம்’ நடத்தினார்கள். நேயர்களோடு போனில் அவர்கள் அடித்த அரட்டைக்காகவே பார்ப்பவர்கள் இருந்தார்கள். லிங்க்கை மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல் வாய்க்கு வந்ததைப் பேசினால் அதுவே நிகழ்ச்சியாகிவிடும் என்பதை அங்கேதான் பார்த்தேன். எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு அது நல்ல செய்தி இல்லை.

அதன் பிறகு சிறு நாடகங்கள் எழுதினேன். ஐந்து நிமிடம், நான்கு பேர், ஒரே செட். சாலிகிராமத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, அதே வீட்டை திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை போலீஸ் ஸ்டேஷன், புதன்கிழமை பெண் பார்க்கும் வீடு என்று மாற்றுவார்கள். காலண்டரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் லாக்கப்பிலும் அதே வடபழனி முருகன். எழுதிய பேப்பர் நடிகர் கைக்குப் போவதில்லை. உதவி இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க ‘ப்ராம்ப்ட்’ செய்வார். நடிகர் அதைக் காதில் வாங்கி வாயில் விடுவார். ப்ராம்ப்ட் குரலை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள். நான் எழுதிய ஜோக்கை முதலில் சொல்வது எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த உதவி இயக்குநரின் குரல். பல்பொடி விளம்பரம் படிக்கிற மாதிரி அவர் சொல்லும்போதும் ஒரு வரிக்கு லைட்மேன் சிரித்தால் அந்த வரி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வேன். லைட்மேன்கள் லேசில் சிரிக்க மாட்டார்கள். நாகேஷ், சந்திரபாபு காலத்துக் கதைகளை அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

2000-களின் முற்பாதியில் ‘லொள்ளு சபா’ வந்தது. ராம்பாலா இயக்கம், சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா. ஒரு வெற்றிப் படத்தை எடுத்துக்கொண்டு அதன் வீராப்பையெல்லாம் காற்றிறக்கி விடுவார்கள். எனக்கு அதில் பங்கில்லை, பொறாமை மட்டும் உண்டு. அவர்கள் காசில்லாததையே ஜோக்காக்கினார்கள். ஹீரோவின் பெரிய கார் அங்கே அட்டைக் கார். ஆயிரம் பேர் கூட்டம் என்றால் நாலு பேர். அதே ஏழ்மை எங்கள் செட்டிலும் இருந்தது, நாங்கள் அதைத் திரை போட்டு மறைத்துக்கொண்டிருந்தோம். மனோகர் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் விதத்தை எந்தப் பேப்பரில் எழுதிக் காட்ட முடியும்?

2005-இல் விஜய் டி.வி.யில் ‘கலக்கப் போவது யாரு’ வந்த பிறகு என் மாதிரி ஆட்களின் பிழைப்பு அடியோடு மாறியது. பெயர் ‘வசூல்ராஜா’ படப் பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் படத்துக்கு வசனம் கிரேஸி மோகன் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அந்த நிகழ்ச்சி கொண்டுவந்தவர்கள் சபா பக்கமே போகாதவர்கள். மதுரை முத்து, கோவை குணா, உடம்பெல்லாம் வெள்ளி வண்ணம் பூசி ஊர் ஊராக ரோபோ நடனம் ஆடிய ரோபோ சங்கர், திருச்சியிலிருந்து வந்து பட்டமும் வென்று பிற்பாடு சினிமா நாயகனே ஆகிவிட்ட சிவகார்த்திகேயன். சன் டி.வி. ‘அசத்தப் போவது யாரு’ என்று எதிர்ப்பக்கம் கடை விரித்தது. மற்ற சேனல்களும் ஆளுக்கொன்று தொடங்கின. அப்படிப்பட்ட ஒன்றில் என்னைப் போட்டியாளர்களுக்கு எழுத்து உதவியாளராக எடுத்தார்கள். ‘மென்டர்’ என்று அட்டையில் போட்டிருந்தது. சம்பளம் அட்டைக்கு ஏற்றதாக இல்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பெயர் வேண்டாம்; இப்போது குடும்பம் குட்டியோடு வேறு தொழிலில் நன்றாக இருக்கிறான். திருவிழாக்களில் மைக் செட்காரரிடம் வேலை பார்த்தவன்.

“எழுதிக் கொண்டாந்திருக்கியா தம்பி?”

“எழுதல்லாம் வராதுண்ணே. நின்னா வரும்.”

சரி, நான் எழுதித் தருகிறேன் என்று ரேஷன் கடை வரிசையைப் பற்றி மூன்று நிமிடத்துக்குக் கச்சிதமாக எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி, இரண்டு நாள் பாடம் பண்ணிச் சொல்லிக் காட்டினான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சுதந்திர தினச் சொற்பொழிவு கேட்ட மாதிரி இருந்தது. “உனக்கு என்னதான் வரும், அதச் செய்யி” என்றேன்.

கையை மைக் மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்தான். ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். தொண்டைக்குள்ளிருந்து ‘டொப், டொப்’ என்று குழாய் ஸ்பீக்கர் சத்தம். பிறகு ‘கீ…ய்ங்’ என்று மைக் கத்தும் பாருங்கள், அது. மேலே பரண்மேல் பேபி லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்த லைட்மேன் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டார். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகுதான் அறிவிப்பு: “செவப்புச் சட்ட போட்ட பையன் ஒருத்தன் காணாமப் போயிட்டான். தம்பி, நீ எங்கிட்டு இருந்தாலும் ஒங்கப்பா மேடைக்கிட்டதான் நிக்கிறாரு. தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வந்துராத. கையில கம்போட நிக்கிறாரு.” நடுநடுவே கரண்ட் போய்க் குரல் இழுபட்டது; ஜெனரேட்டர் போட்டதும் குரல் திடீரென்று ஆளை அடித்தது; பக்கத்தில் நின்று யாரோ “நன்கொடைக்காரங்க பேரச் சொல்லுப்பா” என்று முணுமுணுத்ததுகூட மைக்கில் விழுந்தது. ஒரே தொண்டை.

அன்று ராத்திரி அதை என் நோட்டில் எழுதிப் பார்த்தேன். “(மைக்கைத் தட்டுகிறார்)”, “(மைக் கத்துகிறது)”, “(மின்தடை)”. வசனம் என்று எழுத வேண்டியது நான்கு வரிதான். நாங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் இவர்களிடம் ஜோக்காக இருந்தது. நாங்கள் ஜோக் என்று எழுதியது இவர்களுக்குத் தேவைப்படவில்லை. லாரி ஆபீஸ் மூட்டைகள்மேல் படுத்திருந்தவர் நேராகப் படப்பிடிப்பு ஃப்ளோருக்கே வந்துவிட்டார், கார்டில் எழுதி அனுப்ப இடையில் ஒரு குமாஸ்தா எதற்கு?

இதில் எல்லாமே பொன் என்று சொல்ல மாட்டேன். மனைவி ஜோக்கைப் பத்திரிகைகளே அரைத்து அரைத்துச் சலித்திருந்தன. இவர்கள் அதை மறுபடி ஊறப்போட்டார்கள். நிறத்தையும் உடம்பையும் சொல்லிச் சிரிப்பது மேடைக் கச்சேரியிலிருந்து அப்படியே வந்து இறங்கியது. ‘லேடி கெட்டப்’ என்று ஒன்று. பெண் வேடம் போடும் பையன்களில் அபாரமான நடிகர்கள் இருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் புடவை சுற்றி, விக் வைத்துப் பின் குத்திவிட்டால், அவர்கள் முறை வர மாலை ஆகும். அவிழ்த்துக் கட்டினால் நேரமாகும் என்று அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார்கள். மாலையில் மேடையேறினால் எழுதுகிறவர்கள் அவர்களுக்கு வைத்திருப்பது ஒரே விஷயம்தான், யாராவது ஒருவர் வந்து கையைப் பிடித்து இழுப்பது. அந்த நடிப்புக்கு அந்த எழுத்து பெரிய அவமரியாதை.

எழுதுவதற்கு வேலை குறையக் குறைய என்னை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திறமையைக் கண்டுபிடித்தெல்லாம் இல்லை. எப்படியும் தினமும் ஃப்ளோரில் இருக்கிறேன், தனிக் கால்ஷீட் தேவையில்லை, போட்டியாளர் யார் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு பெண் தொகுப்பாளரோடு இரண்டாவது ஆளாகப் போட்டார்கள். ஸ்பான்சர் கொடுத்த சட்டை இரண்டு அளவு பெரிதாக வரும். முதுகுப் பக்கம் துணி கிளிப்புகளைப் போட்டு இழுத்துக் கட்டுவார் காஸ்ட்யூமர். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் மொட்டைமாடிக் கொடி. திரும்பக் கூடாது என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் தொகுப்பாளர் பயிற்சி.

காதில் ஒரு சின்னக் கருவி. கண்ட்ரோல் அறையிலிருந்து இயக்குநரின் குரல் வந்துகொண்டே இருக்கும். “அண்ணே, இழுங்க, இழுங்க, மூணாவது கேமரா ரெடியாகல.” “அண்ணே, முடிங்க.” “ஸ்பான்சர் பேரச் சொல்லலண்ணே.” அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம், இன்னபிற எல்லாம் போக 22, 23 நிமிடம்தான் மிஞ்சும். கேபிள் விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். எந்த சேனலும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து நான் பார்க்கவில்லை. அந்த 22 நிமிடத்தில் மூன்று போட்டியாளர், நடுவர்களின் கருத்து, போன வாரத் தொகுப்பு, அடுத்த வாரத் தொகுப்பு. எனக்கு மிச்சம் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு போனதே இல்லை. எழுதியிருந்தால் போட்டியாளர் பேசும்போது என் மனசு அதிலேயே இருந்திருக்கும். தொகுப்பாளன் காது கொடுத்துக் கேட்கிறானா, தன் முறைக்குக் காத்திருக்கிறானா என்பது முகத்தில் பச்சையாகத் தெரியும். பல பெரிய பெயர்களிடமே தெரியும். இன்னொன்று, போட்டியாளர் சொல்லிக் கைதட்டல் வாங்கிய ‘பஞ்ச்’ வரியைத் தொகுப்பாளன் திருப்பிச் சொல்லக் கூடாது. அது அடுத்தவர் இலையில் கைவைப்பது.

யாராவது மேடையில் ‘மொக்கை’ வாங்கிவிட்டால் அப்போதுதான் தொகுப்பாளனுக்கு வேலை. மூன்று நிமிடம் பேசி ஒரு சிரிப்பும் கிடைக்காத பையனுக்கு உதடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அவனிடம் போய் “பிரமாதம்” என்றால் அழுதுவிடுவான். “எந்த ஊரு, எத்தனை மணிக்குப் பஸ் ஏறுன, என்ன சாப்ட?” என்று ஆரம்பிப்பேன். பத்தில் எட்டுப் பேர் அதற்குச் சொல்லும் பதிலில் கூட்டம் சிரித்துவிடும். “விழுப்புரத்துல பஸ் நின்னுச்சுண்ணே, அந்த ஓட்டல் சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்குண்ணே காமெடி வரும்?” ஒளிபரப்பில் அவனது மூன்று நிமிடம் போய்விடும், இந்த ஒரு வரி நிற்கும்.

கூட்டம் என்றேன். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் படப்பிடிப்பு என்றால் சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்களை ஒரு கோ-ஆர்டினேட்டர் வேனில் ஏற்றி வருவார். காலையில் பொங்கல், வடை, மத்தியானம் சாப்பாடு, போகும்போது பேட்டா. போட்டியாளர்கள் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மேடை காலியாக இருக்கும்போதே, இவர்களின் ரியாக்‌ஷனை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். ஃப்ளோர் மேனேஜர் துண்டை ஆட்டிக்கொண்டே சொல்லுவார்: “எல்லாரும் கைதட்டுங்க. நிறுத்துங்க. இப்ப விழுந்து விழுந்து சிரிங்க. இப்ப ஆச்சரியமாப் பாருங்க. இப்பக் கொஞ்சம் கண்கலங்குங்க.” ஜிம்மி கேமரா தலைக்கு மேலே சுற்றி வரும். நாள் முழுக்கத் தேவையான உணர்ச்சிகளை அரை மணி நேரத்தில் எடுத்து முடித்துவிடுவார்கள்.

ஒரு தடவை மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மா சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஆயா, சிரி ஆயா.”

“எதுக்குப்பா சிரிக்கணும்?”

“சும்மா சிரி ஆயா.”

“சும்மா சிரிச்சா கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் உட்டுருவாங்கப்பா.”

மொத்த கேலரியும் வெடித்தது. பக்கத்தில் இருந்தவர் இவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். ஃப்ளோர் மேனேஜர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று கேமராவும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பை அந்த சீசன் முழுக்கப் போட்டோம். யார் என்ன ஜோக் சொன்னாலும், சுமாரான ஜோக்குக்கும்கூட, அந்த ஆயாவுக்காகச் சிரித்த அந்தச் சிரிப்புதான். ஆயா சொன்னது மட்டும் ஒளிபரப்பாகவே இல்லை.

இதைக் குறை சொல்லி முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1950-களிலேயே அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் இதற்கென்று ஒரு பெட்டியே செய்தார். தட்டச்சுப் பொறியில் இருப்பதுபோல விசைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு. எங்கே எவ்வளவு சிரிப்பு வேண்டுமோ அவ்வளவு அழுத்துவார். ஹாலிவுட்டின் பல நகைச்சுவைத் தொடர்கள் அவரிடம்தான் சிரிப்பு வாங்கின. நம் ஊரில் பெட்டி இல்லை, வேன் இருந்தது.

ஒட்டுச் சிரிப்பு தேவைப்படாத ஒரே வடிவம் என்று நான் மதிப்பது விஜய் டி.வி. ‘அது இது எது’வில் வந்த ‘சிரிச்சா போச்சு’ சுற்று. சிவகார்த்திகேயன் தொகுத்த நிகழ்ச்சி, பிறகு மா.கா.பா. ஆனந்த். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோற்றார். எதிரே வடிவேல் பாலாஜி மாதிரி ஒருவர் வந்து நிற்பார். விருந்தினர் பல்லைக் கடிப்பார், மேலே பார்ப்பார், தொடையைக் கிள்ளிக்கொள்வார், கன்னம் உப்பும். அடக்கிப் பார்க்கிற முகத்தில் பொய் சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் பெயரும் சுருங்கிய பாதியில்தான் ஓடியிருக்கும்.

தொகுப்பாளன் ஆனதில் கண்ட பலன், தெருவில் முகம் தெரிந்தது. முகம்தான், பெயர் இல்லை. “சார், நீங்க அந்த இவருதானே?” என்பார்கள். ஆமாம் என்பேன். மளிகைக் கடையில் ஒருவர், “ஒரு காமெடி சொல்லுங்க சார்” என்று தராசைப் பிடித்துக்கொண்டே நின்றார். சொல்லாமல் பருப்பு கிடைக்காது போலிருந்தது. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியை டிசம்பரிலும் தீபாவளிச் சிறப்பை செப்டம்பர் புழுக்கத்திலும் எடுப்பார்கள். உண்மையான தீபாவளியன்று, பட்டு வேட்டியில் நான் வாழ்த்துச் சொல்வதை வீட்டில் கைலியோடு உட்கார்ந்து பார்ப்பேன். வியாழக்கிழமைகளில் ரேட்டிங் வரும். அன்றைக்கு ஆபீஸில் யார் யாருக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்பதை வைத்தே எண்ணைச் சொல்லிவிடலாம். ஒரு வியாழக்கிழமை எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த சீசனில் என் இடத்துக்கு, அந்த மேடையிலேயே வென்ற ஒரு பையன் வந்தான். என்னைவிட நன்றாகவே செய்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. சட்டையும் அவனுக்கு அளவாகவே வந்தது.

2019 ஜூன் 10-இல் கிரேஸி மோகன் போனார். அந்த வாரம் நண்பர்கள் சிலர் கூடி அவர் வசனங்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் மதுரைப் பக்கத்து மிமிக்ரிப் பையன்களும் இருந்தார்கள். எங்களைவிட அவர்களுக்குத்தான் நிறையத் தெரிந்திருந்தது. மேடையில் இடைவெளி எங்கே விடுவது என்பதை அவர் படங்களைப் பார்த்துத்தான் கற்றோம் என்று ஒருவன் சொன்னான். சபா கூடத்துக்கும் திருவிழா மைக்குக்கும் நடுவே நான் போட்டு வைத்திருந்த கோட்டை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

இப்போது எல்லாம் போனில். ஊரடங்குக் காலத்தில் ஃப்ளோர்கள் மூடிக் கிடந்தபோது பையன்கள் மொட்டைமாடியில் போனை நிறுத்திவைத்துத் தாங்களே எழுதி, நடித்து, வெட்டி, போட்டுக்கொண்டார்கள். இயக்குநர் இல்லை, ஸ்பான்சர் சட்டை இல்லை, வேன் இல்லை. முப்பது வினாடியில் முடிந்துவிடுகிறது. அவர்களில் இரண்டு மூன்று பேர் எப்போதாவது கூப்பிடுகிறார்கள். அதில் ஒருவன் போன மாதம் பேசினான்.

“அண்ணே, மாமியார் வீட்டுக்கு மொத மொத தீவாளிக்குப் போற மாப்ள. ஒரு ஐடியா குடுங்கண்ணே.”

“எழுதி அனுப்புறேன்ப்பா.”

“எழுதாதீங்கண்ணே. அப்படியே பேசி வாய்ஸ் நோட்டாப் போட்ருங்க. படிச்சா எனக்கு வராது.”

சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மாப்பிள்ளையாகவும் மாமியாராகவும் மச்சினனாகவும் மாறி மாறிப் பேசினேன். புது வேட்டி இடுப்பில் நிற்காததற்கு ஒரு சத்தம், குக்கர் விசில், பட்டாசு. ஏறக்குறைய நான்கு நிமிடம் வந்தது. அனுப்பினேன். பத்து வினாடிகூட ஆகவில்லை, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் நாலைந்து வந்து விழுந்தன. கீழேயே ஒரு வரி: “அண்ணே, டிராஃபிக்ல இருக்கேன், கேட்டுட்டுச் சொல்றேன்.”